விழும்போது திரும்பட்டும் என்று ஸ்டெம்மைத் தளர்வாக விடலாமா?

மலைப்பாதை_சேலம்
போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் என் நண்பன் விழுந்தான். காப்பித் தோட்டத்து மண்பாதை, முந்தின நாள் மழை. பெரிய வேகமெல்லாம் இல்லை. முன்சக்கரம் ஒரு வேரில் தட்டியது, அவன் ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்பினான். ஹேண்டில்பார் திரும்பியது, சக்கரம் திரும்பவில்லை. நேராகப் போய் ஓரத்துக் கல்கட்டில் மோதினான். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு.

அப்புறம் சைக்கிளைப் பார்த்தேன். ஸ்டெம் என்பது ஹேண்டில்பாரை, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு. அதை ஃபோர்க் குழாயோடு பிடித்துவைக்கும் பக்கவாட்டு போல்ட் இரண்டும், ஆலன் கீயை (அறுகோணச் சாவியை) இரண்டு விரலால் தள்ளினாலே நகர்கின்றன. கேட்டால், "வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன். விழும்போது ஹேண்டில்பார் திரும்பிக்கொண்டால் ஃபிரேமுக்கு அடி படாது என்று ரைடு குழுவில் சொன்னார்கள்" என்கிறான். இந்த அறிவுரையை நானும் இரண்டு மூன்று இடங்களில் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து புதிதாக ஓட்ட வருகிறவர்களிடம் இதைச் சொல்லாதீர்கள்.

பழைய_செயின்
தம்பி, நண்பர் சீக்கிரம் குணமாகட்டும். ஆனால் அந்த அறிவுரையே தவறு என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. பதினான்கு வருடமாக மலைச் சைக்கிள் ஓட்டுகிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒருமுறை தலைகுப்புற விழுந்தபோது ஹேண்டில்பாரின் ஒரு முனை தரையில் குத்தியது, ஸ்டெம் அப்படியே திரும்பிக்கொண்டது. அது திரும்பாமல் முரண்டு பிடித்திருந்தால் பிரேக் லீவர் ஃபிரேமின் மேல்குழாயில் (டாப் டியூப்) போய் இடித்திருக்கும். என்னுடையது கார்பன் ஃபிரேம். எழுந்து, சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே பிடித்து, ஸ்டெம்மை நேராக்கி, முறுக்கிவிட்டு வீட்டுக்கு ஓட்டியே வந்தேன்.

பிரேக் லீவர் கிளாம்ப்பை முழுக்க இறுக்காமல் விடுவது மலைச் சைக்கிள்காரர்கள் பலரும் செய்வதுதான். விழுந்தால் லீவர் உடையாமல் சுழன்றுகொள்ளும். ஸ்டெம்முக்கும் அதே நியாயம்தான். உங்கள் நண்பர் அளவு தெரியாமல் அதிகமாகத் தளர்த்திவிட்டார், அவ்வளவுதான்.

மலைப்பாதை_சேலம்
அண்ணா, இரண்டும் ஒன்றா? லீவர் கொஞ்சம் சுழன்றுவிட்டால் விரலை நீட்டித் தேடியாவது பிரேக் பிடிக்கலாம். ஸ்டெம் நழுவினால் கையில் இருப்பது வெறும் குழாய். சக்கரம் எந்தப் பக்கம் போகிறது என்பது நம் கையில் இல்லை. ஃபிரேமை மாற்றலாம். அவன் தச்சு வேலை செய்கிறவன், ஆறு வாரம் அந்தக் கை இல்லாமல் என்ன செய்வான்? அளவு தெரியாமல் தளர்த்தினான் என்கிறீர்கள். சரி, அந்த அளவு எவ்வளவு? குழுவில் ஒருவரும் அதைச் சொல்லவில்லையே.

இரண்டாம்_கியர்
எனக்கு வேறொரு கவலை. இப்போது ஆன்லைனில் வாங்கும் சைக்கிள் பெட்டியில் 85 சதவீதம் பூட்டிய நிலையில் வருகிறது. மிச்சத்தை நாமே பூட்ட வேண்டும், அந்த மிச்சத்தில்தான் ஹேண்டில்பாரும் இருக்கிறது. எனக்கு வந்தது அப்படித்தான். மேலே இருக்கும் மூடியின் போல்ட்டை முறுக்கு முறுக்கென்று முறுக்கினேன், அதுதான் ஸ்டெம்மைப் பிடிக்கிறது என்று நினைத்து. ஹேண்டில்பாரை ஸ்டெம்மோடு பிடிக்கும் முன்மூடியின் நாலு போல்ட்டையும் ஏதோ கைக்கு வந்த அளவில் விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் ஒரு சின்ன மேட்டிலிருந்து இறங்கினேன். கைப்பாரம் மொத்தமும் முன்னால் விழுந்தவுடன் ஹேண்டில்பார் கிளாம்ப்புக்குள்ளேயே கீழ்நோக்கிச் சுழன்றுவிட்டது. பிரேக் லீவர்கள் விரலுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டன. இறங்கியதும் பாதை மறுபடி மேடேறியதால் தப்பினேன்.

வேண்டுமென்றே தளர்த்துகிறவர்களை விட, தளர்ந்திருப்பதே தெரியாமல் ஓட்டுகிறவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. விற்கிறவர்கள் இதைப் பூட்டிக் கொடுக்க வேண்டும்.

ஆலன்கீ_கோவை
சைக்கிள் பழுது பார்ப்பதுதான் என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இரண்டாம்_கியர் சொன்னது. மேல்மூடி போல்ட் ஸ்டெம்மைப் பிடிப்பதில்லை. ஃபோர்க் குழாய் சுழல உதவும் ஹெட்செட் பேரிங்கில் ஆட்டம் இல்லாமல் அழுத்தி வைப்பது மட்டும்தான் அதன் வேலை. வரிசை இப்படி: பக்கவாட்டு போல்ட்டுகள் தளர்ந்திருக்கும்போதே மேல்மூடியை ஆட்டம் போகும்வரை முறுக்க வேண்டும், பிறகு சக்கரத்தோடு நேர் பார்த்து, பக்கவாட்டு போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். பக்கவாட்டை இறுக்கிய பிறகு மேல்மூடியை எவ்வளவு முறுக்கினாலும் பயன் கிடையாது. முன்மூடியின் நாலு போல்ட்டையும் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மேலும் கீழும் இடைவெளி ஒரே அளவில் இருக்க வேண்டும். சில ஸ்டெம்களில் மட்டும் ஒரு பக்கம் முழுக்க மூடும்படி வைத்திருப்பார்கள், அது ஸ்டெம்மிலேயே எழுதியிருக்கும்.

அடுத்து பழைய_செயின் அண்ணன் சொன்னது. பெரும்பாலான ஸ்டெம்களில் 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர் (திருகு விசையின் அலகு) என்று அச்சடித்திருக்கிறார்கள். அது போல்ட்டை இறுக்கும் அளவு, ஸ்டெம் தாங்கும் திருகு அல்ல. இப்போதைய மலைச் சைக்கிள் ஹேண்டில்பார் பலவும் 780 மில்லிமீட்டர் அகலத்தில் வருகின்றன. அதாவது நடுவிலிருந்து முனைக்கு 39 சென்டிமீட்டர். முனையில் வெறும் 10 கிலோ தள்ளினாலே ஃபோர்க் குழாயில் ஏறக்குறைய 38 நியூட்டன் மீட்டர் திருகு விழுகிறது. கல்லும் வேரும் உள்ள பாதையில் 10 கிலோ என்பது ஒவ்வொரு நிமிடமும் வந்துபோகும் விசை. அதைத் தாங்காத ஸ்டெம் விழும்போது திரும்பும் என்பது உண்மைதான். ஆனால் ஓட்டும்போதே திரும்பிவிடும்.

இன்னொன்று, சரியான அளவில் இறுக்கிய ஸ்டெம்மும் பலமான அடி விழுந்தால் திரும்பத்தான் செய்கிறது. விழுந்து எழுந்து வருகிறவர்களின் சைக்கிளில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். முழு உடல் பாரமும் ஹேண்டில்பார் முனை வழியாகத் தரையில் இறங்கும்போது அந்தப் பிடிப்பு போதாது. அண்ணா, கோத்தகிரியில் உங்கள் ஃபிரேம் தப்பியதற்குத் தளர்வு தேவைப்பட்டிருக்காது என்பது என் கருத்து.

பழைய_செயின்
கணக்கு புரிகிறது. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். பயந்து பயந்து இறுக்கி, போல்ட் மரை போனவர்களையும், கார்பன் ஹேண்டில்பாரில் விரிசல் விட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். பிரான்சில் கல்பாவிய சாலைகளில் நடக்கும் பாரி-ரூபே சைக்கிள் பந்தயத்தில் 2006இல் அமெரிக்க வீரர் ஜார்ஜ் ஹின்காப்பிக்கு நடந்தது நினைவிருக்கிறதா? ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹேண்டில்பார் கையோடு வந்துவிட்டது. அவர் சைக்கிளைக் கவனிக்கத் தேர்ந்த மெக்கானிக்குகள் இருந்தார்கள். இறுக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதாதீர்கள்.

ஆலன்கீ_கோவை
அண்ணா, ஹின்காப்பிக்கு ஆனது போல்ட் தளர்ந்ததால் அல்ல. ஸ்டெம் பிடித்திருக்கும் ஃபோர்க் குழாயே (ஸ்டீயரர்) முறிந்தது. அதற்கு முன் அதே பந்தயத்தில் அவர் ஒருமுறை விழுந்தும் இருந்தார். விழுந்த பிறகு அந்த இடத்தைப் பார்க்காமல் ஓட்டக்கூடாது என்பதற்குத்தான் அது உதாரணம். மலைப்பாதை தம்பி, உங்கள் நண்பரின் ஸ்டெம்மைக் கழற்றி உள்ளே இருக்கும் குழாயில் கீறலோ விரிசலோ இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

அதிகமாக இறுக்குவது கெடுதல் என்பதில் உங்களோடு எனக்கு மாறுபாடு இல்லை. கார்பனில் கிரீஸ் தடவிவிட்டு, வழுக்குகிறதே என்று மேலும் மேலும் இறுக்குகிறார்கள். அதற்கென்று மணல் கலந்தது போன்ற பேஸ்ட் விற்கிறது, அதைத் தடவினால் குறைந்த இறுக்கத்திலேயே பிடிக்கும்.

இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு ஒரு வழி. பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு பல வீடுகளில் இருக்கும். ஆலன் கீயில் போல்ட்டின் நடுவிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி ஒரு குறி வைத்து, அந்த இடத்தில் தராசின் கொக்கியை மாட்டி, கீக்குச் செங்குத்தாக இழுங்கள். 5 கிலோ காட்டினால் ஏறக்குறைய 5 நியூட்டன் மீட்டர்.

இரண்டாம்_கியர்
இது நல்ல யோசனை. ஆனால் பெட்டியோடு ஒரு தாளில் இதையெல்லாம் எழுதி வைக்க விற்பவருக்கு என்ன கஷ்டம் என்ற என் கேள்வி அப்படியே இருக்கிறது.

மலைப்பாதை_சேலம்
ஸ்டெம்மைக் கழற்றிப் பார்த்தோம். குழாயில் விரிசல் இல்லை. ஸ்டெம் நழுவித் தேய்ந்த வட்டக் கோடு மட்டும் தெரிகிறது. ஒரே விழுகையில் வந்த கோடு மாதிரி இல்லை. பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே இருந்திருக்கிறது. அவனும் இப்போதுதான் சொல்கிறான், சில வாரமாக நேராக ஓட்டினாலும் ஹேண்டில்பார் கோணலாகத் தெரிந்ததாம்.

பழைய_செயின்
தம்பி எழுதியதைப் படித்த பிறகு என் சைக்கிளில் தராசு மாட்டிப் பார்த்தேன். வலது போல்ட் நாலரை கிலோவில் நகரத் தொடங்கியது. இடது போல்ட் இரண்டு கிலோவிலேயே நகர்ந்தது. நான் இரண்டையும் ஒரே மாதிரி வைத்திருப்பதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இரண்டையும் ஐந்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். பிரேக் லீவர் கிளாம்ப்பை மட்டும் இறுக்க மாட்டேன், அதில் என் கருத்து மாறவில்லை. எங்கள் குழுவில் ஸ்டெம் பற்றி நான் முன்பு சொன்னதைத் திருத்தி இன்றிரவே எழுதுகிறேன். நண்பருக்கு மாவுக்கட்டு பிரித்ததும் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன்.