கச்சான் காற்றில் சருகு எரித்து வேலி பற்றிவிட்டது. மிச்சத்தை என்ன செய்வது?

பாலையூற்று வளவு:
வணக்கம். திருகோணமலை பாலையூற்றில் 40 பேர்ச் (கால் ஏக்கர்) வளவு. அப்பா இருந்தவரைக்கும் குப்பை எரிப்பதெல்லாம் அவர் வேலை. இப்போது நான்தான் பார்க்கிறேன். ஏழு தென்னை, இரண்டு பனை, கிணற்றடியில் பெரிய வேம்பு. மூன்று மாதமாகக் கூட்டிச் சேர்த்த ஓலை, பன்னாடை, பொச்சுமட்டை (தேங்காய் உரித்த மட்டை), சருகு எல்லாம் இடுப்பளவு குவிந்துவிட்டது.

போன சனிக்கிழமை பின்னேரம் நாலரைக்கு முழுக் குவியலுக்கும் நெருப்பு வைத்தேன். பற்றவில்லை, வெறும் புகை. அரைப் போத்தல் மண்ணெண்ணெய் ஊற்றினேன். குப்பென்று எழும்பி என் கை மயிர் கருகியது. எரிந்துகொண்டிருந்த பன்னாடை ஒன்று அப்படியே பறந்து போய்க் கிழக்குப் பக்கக் கிடுகு வேலியில் விழுந்தது. கிணற்றுக்கும் வேலிக்கும் வாளியோடு ஓடினேன். நான் அணைத்து முடிப்பதற்குள் பத்தடி வேலி போய்விட்டது. பக்கத்து வீட்டு அம்மம்மாவுக்குத் தொய்வு (ஆஸ்துமா) வருத்தம். புகையில் அவருக்கு முட்டு இழுத்துவிட்டது. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், ஆனாலும் மனம் ஆறவில்லை.

இன்னொன்று. இரவு பத்து வாளி தண்ணீர் ஊற்றி அணைத்தேன். விடியப் பார்த்தால் அதே இடம் மறுபடி எரிகிறது! அது எப்படி? பாதிக் குவியல் இன்னும் கிடக்கிறது. தொடவே பயமாக இருக்கிறது.

உப்புவெளி அக்கா:
தம்பி, முதலில் கையைச் சொல்லுங்கள். தோல் சிவந்திருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா? இனி எப்போதாவது சுட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். பற்பசை, மை ஒன்றும் பூசக்கூடாது. அம்மம்மாவுக்கு மறுபடி மூச்சு முட்டினால் யோசிக்காமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

அப்புறம், குவியலுக்குள் வேறு என்ன கிடக்கிறது?

பாலையூற்று வளவு:
கை சரியாகிவிட்டது அக்கா, மயிர் மட்டும்தான் போனது. குவியலில் இரண்டு உரப்பை இருக்கிறது. வாசலில் வெட்டிய அலரிக் கொப்புகளும் கொஞ்சம் கிடக்கின்றன.

உப்புவெளி அக்கா:
உரப்பையை எடுத்துவிடுங்கள். பொலித்தீன், பிளாஸ்டிக், பெயின்ற் அடித்த பலகை, டயர் எதையும் எரிக்கவே கூடாது. அலரியையும் பொறுக்கி எடுங்கள். அதன் இலை, தண்டு, பூ, வேர் எல்லாமே நஞ்சு, புகையும் நஞ்சுதான். தொய்வு உள்ள ஒருவர் பக்கத்திலேயே இருக்கும்போது அது மிகவும் ஆபத்து. கையுறை போட்டுக்கொண்டு எடுத்து, ஆடு மாடு எட்டாத இடத்தில் ஆழமாகப் புதையுங்கள்.

தம்பலகாமம் தோட்டம்:
தம்பி, நீங்கள் சொன்னதிலேயே காரணம் இருக்கிறது. கிழக்கு வேலி பற்றியது என்றால் காற்று மேற்கிலிருந்து வந்திருக்கிறது. அதுதான் கச்சான். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இறங்கி வரும்போது சூடேறி, காய்ந்த காற்றாகத்தான் நம் பக்கம் வந்து சேரும். ஆனி ஆடியில் வளவில் கிடக்கும் ஓலை அப்பளம் போல நொறுங்குவது அதனால்தான். இந்தக் காற்று வீசும் நாட்களில் நான் தீப்பெட்டியையே வெளியில் எடுப்பதில்லை. உங்கள் குவியலுக்கும் அவசரம் இல்லை. படங்கு போட்டு மூடிவிட்டு ஒரு மழைக்குக் காத்திருங்கள். சுற்றி மண் நனைந்திருக்க வேண்டும், எரிக்கிற பொருள் காய்ந்திருக்க வேண்டும். குவியலுக்குள் கிடந்த ஈரச் சருகுதான் அப்படிப் புகைத்து அம்மம்மாவை வருத்தியது.

நேரமும் முக்கியம். பின்னேரம் மூட்டினால் அணைக்கும்போது இருட்டிவிடும், புகையும் இரவில் மேலே போகாமல் நிலத்தோடு படுத்துக்கொள்ளும். வெயில் ஏறத் தொடங்கும் நேரம் நல்லது. வெளியே வந்து தென்னை ஓலையின் நுனியைப் பாருங்கள். நுனி அடித்துக்கொண்டிருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

அடுத்தது, குவியலுக்கு நெருப்பு வைக்காதீர்கள். குவியலை ஒரு பக்கம் விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து அடி தள்ளி, பொறி குவியலின் மேல் விழாதபடி, குவியலைத் தாண்டிக் காற்று போகும் பக்கத்தில் சின்னதாக மூட்டுங்கள். கையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் போடுங்கள். நெருப்பு முழங்கால் உயரத்தைத் தாண்டினால் போடுவதை நிறுத்துங்கள். காற்று மாறினாலும் போடுவதை நிறுத்தினால் போதும், ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். முழுக் குவியலுக்கும் வைத்துவிட்டால் அது உங்கள் கையில் இல்லை. இடுப்பளவு குவியலுக்குள் பாம்பு, கீரி, கோழிக்குஞ்சு ஏதாவது ஒதுங்கியிருக்கும், எடுத்துப் போடும்போது அவையும் தப்பிவிடும்.

இடம் வீட்டிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கட்டும். சுற்றிப் பத்தடிக்குச் சருகு இல்லாமல் வெறும் மண் தெரியக் கூட்டுங்கள். மேலே மின்கம்பியோ ஓலையோ இருக்கக்கூடாது. பனைக்குக் கீழே வேண்டவே வேண்டாம், காவோலையில் ஏறினால் வட்டு வரைக்கும் போய்விடும். நிறைத்த வாளிகளும் மண்வெட்டியும் பக்கத்தில் இருந்தபிறகுதான் தீக்குச்சி.

லிங்கநகர்:
மூட்டும்போது மட்டும் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டால் பரவாயில்லைத்தானே? எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்வோம்.

தம்பலகாமம் தோட்டம்:
வேண்டாம் தம்பி. தணல் இருக்கும் இடத்தில் ஊற்றும் மண்ணெண்ணெய் முதலில் ஆவியாகும், பிறகு அந்த ஆவி முழுவதும் ஒரேயடியாகப் பற்றும். அவர் கையில் நடந்தது அதுதான். பெற்றோல் இன்னும் மோசம். அதன் ஆவி காற்றைவிடப் பாரம், நிலத்தோடு தவழ்ந்து நீங்கள் நிற்கும் இடத்துக்கே வந்துவிடும். காய்ந்த தென்னோலையை முறுக்கிச் சூள் கட்டிப் பற்றவையுங்கள், அது காணும். சூளுக்கே பற்றாத சருகு இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

மறுநாள் எரிந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். அது பொச்சுமட்டையின் வேலை. தும்புக்குள் தணல் மணிக்கணக்காக உயிரோடு கிடக்கும், ஊற்றின தண்ணீர் மேலால் வழிந்துவிடும். தண்ணீர் ஊற்றி, மண்வெட்டியால் புரட்டி, மறுபடி ஊற்ற வேண்டும். சீறுகிற சத்தம் நிற்கும்வரை விடாதீர்கள். பிறகு புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் அணையவில்லை.

நிலாவெளித் தென்னை:
பொச்சை எதற்கு எரிக்கிறீர்கள்? எங்கள் மணலுக்குத் தண்ணீர் நிற்காது, பொச்சுத்தான் அதைப் பிடித்து வைக்கும். தென்னையைச் சுற்றிக் குழி வெட்டி, பொச்சின் உட்பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண் போட்டு மூடுங்கள். லுணுவில தென்னை ஆராய்ச்சி நிறுவனமும் பொச்சைப் புதைக்கத்தான் சொல்கிறது. வேப்பஞ்சருகையும் மரத்தடியில் பரப்பிவிடலாம். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு எரிக்க என்ன மிஞ்சப்போகிறது?

உப்புவெளி அக்கா:
நானும் இதைத்தான் சொல்ல வந்தேன். எரிப்பதற்கு முன் உங்கள் உள்ளூராட்சிச் சபையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். தீயணைப்புக்கு 110, போனில் பதிந்து வைத்திருங்கள்.

பாலையூற்று வளவு:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சபையில் கேட்டேன். மட்டையும் கொப்பும் உழவு இயந்திரத்தில் ஏற்றுவோம் என்றார்கள், சொன்னபடி வந்து பாதியை ஏற்றினார்கள். பொச்சு முழுவதும் நான்கு தென்னைக்குக் கீழே போய்விட்டது. உரப்பையும் அலரியும் வெளியே. கடைசியில் மிஞ்சியது நோய் விழுந்த மாங்கொப்பும் கொஞ்சம் பன்னாடையும்தான். அதை மட்டும் எரிக்கலாம் என்று சபையில் சொன்னார்கள்.

முந்தாநாள் இரவு நல்ல மழை. நேற்றுக் காலை ஏழரைக்கு ஓலை நுனி அசையவில்லை. அம்மம்மாவிடம் முதலில் போய்ச் சொன்னேன், அவர் யன்னலைச் சாத்திக்கொண்டார். ஒரு சூள், முழங்கால் உயர நெருப்பு, முக்கால் மணி நேரம். அவ்வளவுதான்.

அணைக்கும்போது தம்பலகாமம் அண்ணா சொன்ன மாதிரிப் புரட்டிப் புரட்டி ஊற்றினேன். எல்லா இடமும் குளிர்ந்துவிட்டது, ஒரு மூலையில் மட்டும் புறங்கைக்குச் சூடு தெரிந்தது. வெட்டிப் பார்த்தேன். நாங்கள் எப்போதோ தறித்த முருங்கையின் வேர் ஒன்று, விரல் மொத்தம், ஒரு சாண் ஆழத்தில் சிவப்பாகக் கனன்றுகொண்டு வேலிப் பக்கம் போகிறது. மேலே புகையே இல்லை. அதற்கு மட்டும் மூன்று வாளி.

பின்னேரம் அம்மம்மா எரிந்த வேலி இடைவெளியால் எட்டிப் பார்த்து, "எப்ப தம்பி எரிக்கப்போறாய்?" என்று கேட்டார். எரித்து முடித்துவிட்டேன் என்றேன். நாளைக்கு அந்த இடத்துக்குப் புதுக் கிடுகு கட்டுகிறோம்.