எம்ஆர்எல்/எல்பிஆர் சுண்டெலிகளில் சிடி4, சிடி8 இரண்டும் இல்லாத டி செல்கள்: சிறுநீரக அழற்சிக்கு இவைதாம் காரணமா?

கேள்வி:
லூபஸ் (நோயெதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் நோய்) ஆய்வுக்காக, அதையொத்த நோய் தானாகவே உண்டாகும் எம்ஆர்எல்/எல்பிஆர் வகைச் சுண்டெலிகளைக் கையாளத் தொடங்கியுள்ளேன். நான்கு மாதம் கடந்த எலிகளின் நிணநீர்க் கணுக்கள் பெரிதும் வீங்கியுள்ளன. அவற்றை ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை அவற்றின் புரதங்களைக் கொண்டு ஒவ்வொன்றாக இனங்காணும் முறை) பார்க்கும்போது, டி செல்களின் அடையாளப் புரதமான சிடி3 இருந்தும், அவற்றில் வழக்கமாக ஏதேனும் ஒன்று இருக்கும் சிடி4, சிடி8 இரண்டுமே இல்லாத செல்கள் மிகுந்திருப்பதோடு, பி செல்களுக்குரிய பி220 புரதமும் அவற்றில் தெரிகிறது. பி செல்கள் ஒட்டிக்கொண்டு வந்தனவா, அல்லது இவை தனி வகையா? சிறுநீரக அழற்சிக்கு இவையே காரணம் என்று எழுதலாமா?

பதில் 1:
தனி வகைதான். இந்த எலிகளின் ஃபாஸ் (செல்லை மடியத் தூண்டும் புரதம்) மரபணுவில் இடம்பெயரும் மரபுக்கூறு ஒன்று செருகிக்கொண்டிருப்பது 1990-களின் தொடக்கத்தில் தெரியவந்தது. அதனால், வேலை முடிந்த டி செல்கள் ஃபாஸ் வழியாக மடிய வேண்டிய நேரத்தில் மடியாமல் கணுக்களில் தேங்குகின்றன. இவற்றுள் பெரும்பகுதி சிடி8-ஐ இழந்த செல்கள் என்றே கருதப்படுகிறது. ஒன்றோடொன்று ஒட்டி ஒரே செல்லாகப் பதிவாகும் இரட்டைச் செல்களை முதலில் விலக்கிவிட்டு, டிசிஆர் பீட்டா (டி செல்லின் அடையாளம்), சிடி19 (பி செல்லின் அடையாளம்) ஆகிய இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முன்னது இருந்து பின்னது இல்லையெனில் ஐயம் தீரும்.

பதில் 2:
“காரணம்” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எல்பிஆர் எனப்படும் அதே ஃபாஸ் பிறழ்வைப் பி6 என்னும் வேறொரு ஆய்வக வகை எலிகளில் புகுத்தினாலும் இச்செல்கள் குவிகின்றன, சொந்த உடலையே தாக்கும் தன்னெதிர்ப்புப் பொருள்களும் உண்டாகின்றன. ஆனால் கடுமையான சிறுநீரக அழற்சி பெரும்பாலும் வருவதில்லை. ஆகவே எம்ஆர்எல் மரபுப் பின்னணிக்கும் பங்குண்டு. பி செல்களே இல்லாத எம்ஆர்எல்/எல்பிஆர் எலிகளுக்குச் சிறுநீரக அழற்சி வரவில்லை என்று 1994-இல் காட்டினார்கள். என்னை இன்றும் வியக்க வைப்பது 1999-இல் வெளிவந்த முடிவு: எதிர்ப்பொருளைச் சுரக்க இயலாத பி செல்களைக் கொண்ட எலிகளுக்கும் அந்த அழற்சி வந்தது. எதிர்ப்பொருள் சுரப்பது மட்டுமே பி செல்லின் பங்கு அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

பதில் 3:
மனிதரிலும் இதையொட்டிய சான்று உண்டு. ஃபாஸ் பிறழ்வால் வரும் ஏஎல்பிஎஸ் (நிணநீர்ச் செல்கள் மடியாமல் பெருகும் தன்னெதிர்ப்பு நோய்) நோயில் இதே இரட்டை எதிர்மறை (சிடி4, சிடி8 இரண்டும் இல்லாத) டி செல்கள் மிகுகின்றன. ஆனால் அங்கு முதன்மையாகக் காண்பது நிணநீர்க் கணு வீக்கமும் மண்ணீரல் வீக்கமும் இரத்த அணுக்கள் அழிவதும்தான், லூபஸ் சிறுநீரக அழற்சி அன்று. எனவே உங்கள் கட்டுரையில் இச்செல்களை ஃபாஸ் குறைபாட்டின் அடையாளமாகக் குறிப்பிட்டு, சிறுநீரகத் திசுவில் ஊடுருவியுள்ள செல்களைத் தனியே பிரித்து எண்ணிக் காட்டுவதே சரியாக இருக்கும்.