மலிவுத் தோட்டாவின் கூட்டில் டை ஊசி முறிந்தது. வாங்குவதா, நானே நிரப்புவதா?

கேள்வி:
வணக்கம். இரண்டு வருடமாக .308 காலிபர் (குழல் அளவு) ரைஃபிளில் இலக்குப் பயிற்சி செய்கிறேன். உரிமம் முறையாக உண்டு. மாதம் 100 தோட்டா வரை சுடுவேன். கட்டுப்படியாகவில்லை என்று பழைய ராணுவ உபரித் தோட்டா ஒரு பெட்டி மலிவாக வாங்கினேன். சுட்ட கூடுகளைச் சேர்த்துவைத்து, ரீலோடிங் (காலிக் கூட்டை மறுபடி நிரப்புவது) பழகலாம் என்று நண்பரின் பிரஸ்ஸையும் (கூட்டை அழுத்தும் கருவி) அதில் மாட்டும் டையையும் (அச்சு) இரவல் வாங்கினேன். கூட்டின் அடியில் இருக்கும் பழைய பிரைமரை (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெளியே தள்ளும்போது முதல் கூட்டில் டையின் ஊசி வளைந்தது, இரண்டாவதில் முறிந்தே போனது. இரவல் கருவி, மனது கேட்கவில்லை. எங்கே தவறினேன்? போதாததற்கு, ஒரே வாரத்தில் குழலுக்குள் செம்பழுப்பாகத் துரு. எப்போதும்போல் எண்ணெய் போட்டுத் துடைத்துத்தான் வைத்தேன்.

பதில் 1:
கூட்டின் வாய்க்குள் டார்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் ஒரே ஓட்டையா, இரண்டா?

கேட்டவர்:
இரண்டு பொடி ஓட்டைகள். நடுவில் சின்ன மேடு.

பதில் 1:
அப்படியென்றால் அது பெர்டான் என்ற பிரைமர் வகைக்கான கூடு. உங்கள் தவறு எதுவுமில்லை. நடுவில் ஓட்டையே இல்லாததால் ஊசி நேராகப் பித்தளையில் மோதியிருக்கிறது. வழக்கமான டைகள் நடுவில் ஒற்றை ஓட்டையுள்ள பாக்ஸர் வகைக்கானவை. வேடிக்கை என்னவென்றால், பெர்டான் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். ஆனால் அமெரிக்காவில் நிலைத்தது பாக்ஸர் வகை, பெர்டான் ஐரோப்பிய ராணுவங்களில் பரவியது. பெர்டான் கூட்டை நிரப்ப முடியாது என்றில்லை. தனிக் கருவி வேண்டும், பிரைமரும் எளிதில் கிடைக்காது. பழைய பித்தளைக்குப் போட்டுவிடுங்கள். நண்பருக்கு ஊசி மட்டும் வாங்கிக் கொடுத்தால் போதும், அது தனியாகவே கிடைக்கும்.

பதில் 2:
துருவுக்கும் அதே பெட்டிதான் காரணமாக இருக்கும். பழைய ராணுவப் பிரைமர்கள் பலவற்றில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. சுட்டபின் குழலில் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு படியும். அது காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். எண்ணெயில் உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். சுட்ட அன்றே வெந்நீரில் குழலையும் போல்ட் முகப்பையும் (தோட்டாவின் அடியைத் தாங்கும் பகுதி) கழுவி, நன்றாக உலர்த்தி, அப்புறம் எண்ணெய் போடுங்கள். மிச்சப் பெட்டியையும் இப்படியே சுடலாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. சரி, இனி மலிவாக வாங்குவதை விட்டு நானே நிரப்பினால் மிச்சமாகுமா?

பதில் 3:
தம்பி, பத்து வருடத்துக்கு மேல் நிரப்புகிறேன். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு பவுண்டு வெடிமருந்து என்பது 7000 கிரெய்ன் (மருந்தை நிறுக்கும் சிறு எடை அலகு). .308-க்கு ஒரு தோட்டாவுக்குச் சுமார் 40 முதல் 45 கிரெய்ன் போகும் என்று வைத்தால், பவுண்டுக்கு ஏறக்குறைய 160 தோட்டா. இது செலவுக் கணக்குக்கு மட்டும். நிரப்பும் அளவை மருந்து தயாரிப்பாளரின் கையேட்டிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும், அதிலும் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். பிரைமரும் குண்டும் தோட்டாவுக்கு ஒவ்வொன்று. மறுபடி பயன்படுவது பித்தளைக் கூடு மட்டும்தான். லாபம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

சாதாரணப் பயிற்சித் தோட்டாவை மொத்தமாக வாங்கினால் வாங்கும் விலையும் நிரப்பும் செலவும் நெருங்கிவிடும். பிரஸ், டை, தராசு, காலிப்பர், கூடு வெட்டும் கருவி இவற்றின் விலையை, ஒரு தோட்டாவுக்கு மிச்சமாகும் தொகையால் வகுங்கள். எத்தனை தோட்டாவில் போட்ட முதல் திரும்பும் என்று தெரிந்துவிடும். மாதம் 100 என்றால் வருடக்கணக்கில் ஆகும். போட்டித் தரத் தோட்டாவோ, கடையில் அரிதான காலிபரோ என்றால் சீக்கிரமே திரும்பும். நான் நிரப்புவது சேமிக்க இல்லை. என் ரைஃபிளுக்குப் பிடித்த மருந்து அளவைக் கண்டுபிடிக்கத்தான். அதற்கு ஈடே கிடையாது.

நீங்கள் இப்போதைக்கு ஒரே லாட் எண்ணில் (ஒரே தயாரிப்புத் தொகுதி) பாக்ஸர் வகைத் தோட்டாவை மொத்தமாக வாங்குங்கள், கூடுகளைப் பத்திரப்படுத்துங்கள். வாரப் பயிற்சிக்கு .22 ரிம்ஃபயர் (சிறிய, மலிவான தோட்டா) போதும்.

கேட்டவர்:
மைதானத்தில் பொறுக்கிய பாக்ஸர் கூடுகள் 60 இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொள்ளலாமா?

பதில் 3:
யார் எத்தனை முறை சுட்டது என்று தெரியாதே. அடியிலிருந்து சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறதா பாருங்கள். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மடக்கி, உள்சுவரில் கீழிருந்து மேலே இழுங்கள். அந்த இடத்தில் பள்ளத்தில் தட்டினால் சுவர் மெலிந்துவிட்டது. அடுத்த சூட்டில் கூடு இரண்டாகப் பிரியலாம், சூடான வாயு முகத்தை நோக்கி வரலாம்.

கேட்டவர்:
மூன்றில் வளையம் தெரிகிறது, கிளிப்பும் தட்டுகிறது அண்ணா.

பதில் 3:
அந்த மூன்றின் வாயையும் இப்போதே குறடால் நசுக்கிவிடுங்கள். குப்பையில் போட்டாலும் வேறொருவர் எடுத்து நிரப்பிவிடக் கூடாது.