லூசிட் ட்ரீம் பழகினால் நனவும் கனவும் குழம்புமா? விடணுமா, தொடரணுமா?

காட்பாடி_மேம்பாலம்

வணக்கம் மக்களே. ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. தீபாவளிக்கு அப்புறம் லூசிட் ட்ரீமிங் பழகிட்டு வர்றேன். தெரியாதவங்களுக்கு: கனவு ஓடிக்கிட்டிருக்கும்போதே "இது கனவு"ன்னு தெரிஞ்சுக்கிட்டு, முடிஞ்சா நம்ம இஷ்டத்துக்கு அதைத் திருப்பறது. கனவு நோட்டு எழுதறேன். பகலில் அடிக்கடி மூக்கைப் பொத்தி மூச்சு வருதான்னு பார்க்கறேன், கனவில் பொத்தினாலும் மூச்சு வரும். விடியற்காலை அலாரம் வெச்சு எழுந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுத் திரும்பப் படுக்கறேன். பலன் இருக்கு. வேலூர் கோட்டை அகழிக்கு மேலே பறந்திருக்கேன், பொய் சொல்லல.

பிரச்சனை வேற. ஆடிட்டருக்கு ஜிஎஸ்டி ஃபைல் அனுப்பினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அட்டாச் ஆகும்போது அந்த வட்டம் சுத்தினது, பக்கத்தில் டீ கிளாஸில் ஏடு படிஞ்சு கிடந்தது, எல்லாம். மேனேஜர் கேட்டார், "அனுப்பியாச்சு சார்"னு அடிச்சுச் சொன்னேன். மெயிலைத் திறந்தா அப்படி ஒண்ணு போகவே இல்ல.

இன்னொண்ணு: எழுந்து, பல் தேய்ச்சு, மோட்டார் போட்டு, அம்மா "டேங்க் ரொம்பிடுச்சு பாரு"ன்னு கத்தி, அப்புறம்தான் நிஜமா முழிப்பு வருது. சில நாள் இது ரெண்டு அடுக்கா நடக்குது. நேத்து கிரீன் சர்க்கிள் சிக்னலில் பைக்கில் நிக்கும்போது சந்தேகம் வந்து மூக்கைப் பொத்தினேன். பக்கத்து ஆட்டோக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

தொடரலாமா, விடலாமா? கோயிலுக்குப் போ, மந்திரிச்சுக்கோ வகையறா வேண்டாம், ப்ளீஸ்.

பாலாற்று_மணல்

விடாதீங்க. நீங்க சொன்ன ரெண்டுமே லூசிட் ட்ரீம் இல்ல, கவனிச்சீங்களா? மெயில் அனுப்பின கனவில் அது கனவுன்னு தெரிஞ்சிருந்தா குழப்பமே வந்திருக்காது. தெளிவு பத்தலன்னுதான் பிரச்சனை. தெளிவு பத்தலன்னா தெளிவைக் கூட்டணும், குறைக்கக் கூடாது.

இது ஏதோ யூடியூப் வித்தைன்னு நினைக்கறவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன். 1975ல் இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் இதைக் கருவி வெச்சே பிடிச்சார். கனவு வர்ற ரெம் தூக்கத்தில் கை, கால் மாதிரி உடம்புத் தசை பெரும்பாலும் செயலிழந்து கிடக்கும், ஆனா கண் அசையும். அதனால் கனவு காண்கிறவர் முன்கூட்டிப் பேசி வெச்ச மாதிரி கண்ணை இடம் வலமா அசைச்சு "நான் கனவில் இருக்கேன்"னு சைகை கொடுத்தார். ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜும் தனியா இதையே நிரூபிச்சார். 2021ல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்துன்னு நாலு நாட்டு ஆய்வகத்தில், தூங்கிட்டிருக்கறவங்ககிட்டயே "எட்டில் ஆறு போனா எவ்வளவு"ன்னு கேட்டு, கண்ணாலயே பதில் வாங்கிட்டாங்க.

சத்துவாச்சாரி_நர்ஸ்

கனவு நிஜமா பொய்யான்னு இங்கே யாரும் கேட்கலயே. தம்பி கேட்டது தன் புத்தி தடுமாறுதான்னு.

தம்பி, முதலில் ஒரு கேள்வி. எத்தனை மணிக்குப் படுக்கிறீங்க, எத்தனை மணிக்கு அலாரம்? ராத்திரி தூக்கம் சுமார் 90 நிமிஷச் சுற்றாப் போகும். முதல் பாதியில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், ரெம் அதிகமா வர்றது விடியற்காலையில்தான். நீங்க அலாரம் வெச்சு வெட்டறது சரியா அந்த இடத்தை. முழிப்பையும் கனவையும் ஒட்டி ஒட்டி வெச்சா, எழுந்துட்ட மாதிரிக் கனவும் வரும், உடம்பு அசையாம முழிச்சுக் கிடக்கறதும் வரும். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கு?

குடியாத்தம்_தறி

உடம்பு அசையாம கெடக்கறதா? அது அமுக்குவான்யா! எங்க ஆயா தலமாட்டுல கத்திரிக்கோல் வெச்சுப் படுக்கும். இன்னாத்துக்குப்பா இந்த வேலை எல்லாம், பகல்ல தறி ஓட்டினா ராத்திரி கட்டைய சாச்ச உடனே தூக்கம் வந்துகினே இருக்குது.

காட்பாடி_மேம்பாலம்

அக்கா, படுக்க பன்னெண்டு ஆகும். அலாரம் நாலரை. திரும்பப் படுத்து ஆறரைக்கு எழுவேன், கம்பெனி பஸ் இருக்கு.

@பாலாற்று_மணல் ப்ரோ, தெளிவைக் கூட்டுங்கன்னு சுலபமாச் சொல்லிட்டீங்க. எழுந்துட்ட மாதிரி வந்த அந்தக் கனவிலேயே நான் செக் பண்ணினேன். போனில் மணி பார்த்தேன், கண்ணை எடுத்துத் திரும்பப் பார்த்தேன் (கனவுன்னா மணி மாறும்பாங்க), ரெண்டு தடவையும் 5:12. மாறல. சரி, முழிச்சாச்சுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் மோட்டார் போட்டேன்.

பாலாற்று_மணல்

ஒரே செக்கை நம்பக் கூடாது. மூக்கு, உள்ளங்கையில் விரல் நுழையுதா, எழுத்தை ரெண்டு தரம் படிக்கறது, லைட் சுவிட்ச், இப்படி ரெண்டு மூணு சேர்த்துப் பண்ணணும். அதைவிட முக்கியம், கை பாட்டுக்கு மூக்கைப் பிடிக்கறது செக்கே இல்ல. "இங்கே எப்படி வந்தேன்? அரை மணிக்கு முன்னாடி எங்கே இருந்தேன்?"னு நிதானமா யோசிக்கணும். கனவில் அதுக்குப் பதில் பெரும்பாலும் இருக்காது.

குடியாத்தம்_தறி

லைட் சுவிட்ச் செக்காம்! வெள்ளைக்காரன் ஊருக்கு சரி. எங்க ஏரியால மே மாசம் சுவிட்ச் போட்டா எரியாதது கனவுன்னா, நான் வருஷத்துல பாதி தூங்கிகினுதான் கீறேன்.

ஆற்காடு_மனநூல் (முதுகலை உளவியல் மாணவி)

மேலே இருக்கிற வாதத்தில் இரண்டு விஷயம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது.

ஒன்று, கனவில் இருக்கும்போது அது கனவு என்று தெரியாமல் போவது. அது எல்லோருக்கும் தினமும் நடப்பது. பாலாற்று மணல் சொல்லும் செக்குகள் எல்லாம் இதற்குத்தான். அதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது: பொத்திய மூக்கில் மூச்சு வந்தால் கனவு என்று சொல்லலாம். வராவிட்டால் விழிப்பு என்று சொல்ல முடியாது. அந்த 5:12 அதைத்தான் காட்டுகிறது. செக் கனவைப் பிடித்துக் கொடுக்கலாம், விழிப்புக்குச் சான்றிதழ் கொடுக்காது.

இன்னொன்று, எழுந்து பல மணி நேரம் கழித்து, கனவில் நடந்ததை நடந்ததாகவே நினைவு வைத்திருப்பது. ஜிஎஸ்டி மெயில் இந்த வகை. 1981ல் மார்சியா ஜான்சனும் கேரல் ரேயும் முன்வைத்த கருத்து ஒன்று உண்டு. ஒரு நினைவு வெளியிலிருந்து வந்ததா, நம் மனமே உண்டாக்கியதா என்று அதில் சீட்டு எதுவும் ஒட்டியிருப்பதில்லை. நினைவின் சாயலை வைத்து மூளை ஊகிக்கிறது. காட்சியும் ஒலியும் இடமும் நிறைய இருந்தால் "நடந்தது". நாமே முயன்று யோசித்த தடயம் இருந்தால் "நினைத்தது". கனவில் காட்சி தாராளம், முயன்று யோசித்த தடயமோ குறைவு. டீயில் படிந்த ஏடு வரை ஞாபகம் இருந்தால் மூளை வேறு எப்படி முடிவு செய்யும்?

இப்போது கனவு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நோக்கமே கனவை விவரத்தோடு நினைவில் நிறுத்துவது. பழகுவதற்கு முன்னால் அந்த மெயில் கனவு பல் தேய்ப்பதற்குள் அழிந்திருக்கும். இப்போது அழிவதில்லை. அதனால் பயிற்சி சரியாக நடப்பதாலேயேதான் குழப்பம் வருகிறது என்பது என் கட்சி.

பாலாற்று_மணல்

நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா முடிவு தலைகீழ். நோட்டில் எழுதினா அது கனவுன்னு முத்திரை குத்தின மாதிரி. நோட்டில் இருக்கறதை யாரும் நிஜம்னு எடுத்துக்க மாட்டாங்க. காட்பாடி ப்ரோ, அந்த மெயில் கனவை எழுதினீங்களா?

காட்பாடி_மேம்பாலம்

இல்ல. அந்தக் கனவிலிருந்து நான் முழிக்கவே இல்லன்னு நினைக்கறேன், அப்படியே அடுத்ததுக்குப் போயிருக்கும். காலையில் எழுதினது வேற, பஸ் ஸ்டாண்டில் யானை வந்த கதை.

ஆற்காடு_மனநூல்

அதைத்தான் சொல்கிறேன். யானைக்கு முத்திரை தேவையில்லை. அலுவலகம், மெயில், டீ மாதிரி சாதாரணக் கனவுக்குத்தான் முத்திரை தேவை, அது நோட்டுக்கு வராமல் நழுவிவிடுகிறது. ஆனால் நினைவில் பிடித்து வைக்கும் பழக்கம் இரண்டுக்கும் சேர்த்தே கூடியிருக்கிறது.

சத்துவாச்சாரி_நர்ஸ்

2014ல் வந்த ஆய்வு ஒண்ணு சொல்றேன். நார்கோலெப்சின்னு ஒரு தூக்க நோய், பகலிலேயே அடக்க முடியாமத் தூக்கம் தள்ளும், ரெம் தூக்கம் கண்ட நேரத்தில் நுழையும். அந்த நோயாளிகளில் 83 சதவீதம் பேர் கனவையும் நிஜத்தையும் குழப்பிக்கிட்டதாச் சொன்னாங்க. நோய் இல்லாதவங்களில் 15 சதவீதம். தம்பிக்கு அந்த நோய்னு நான் சொல்லல. ரெமும் முழிப்பும் கலந்தா இது நடக்கும்னு சொல்றேன்.

பாலாற்று_மணல்

அக்கா, நோய் இல்லாத 15 சதவீதத்தை நீங்களே சொல்லிட்டீங்க. அப்போ இது சாதாரணம்தானே.

சத்துவாச்சாரி_நர்ஸ்

என்னைக்கோ ஒரு தடவை வர்றது சாதாரணம். அப்படிக் குழம்பின நோயாளிகளில் மூணில் ரெண்டு பங்கு பேருக்கு வாரம் ஒரு தடவையாவது வந்தது. தம்பி, உங்களுக்கு எப்படி? பகலில் பஸ்ஸில், சாப்பிட்ட உடனே, பேசும்போதேன்னு தூக்கம் தள்ளுதா? சிரிச்சா முட்டி தளருதா? இதுக்கு மட்டும் உண்மையாப் பதில் சொல்லுங்க.

வாலாஜா_வாத்தியார்

இளையவர்கள் எல்லோரும் இங்கிலாந்து, அமெரிக்கா என்றே பேசுகிறீர்கள். சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என்று ஐந்து அவத்தைகளை, அதாவது விழிப்பு, கனவு, ஆழ்ந்த உறக்கம், அவற்றைக் கடந்தவை என்ற நிலைகளைச் சைவ சித்தாந்தம் எப்போதோ பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் அது கனவில் பறந்து மகிழ்வதற்கு அல்ல. குரு இல்லாமல், நோக்கமும் இல்லாமல், அலாரத்தை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு இறங்கினால் இப்படித்தான் ஆகும். தம்பி காலையில் அரை மணி நேரம் நடக்கட்டும்.

பாலாற்று_மணல்

ஐயா, நாலரைக்கு எழுந்து நடந்தாலும் தூக்கம் கெடத்தானே செய்யும்?

வாலாஜா_வாத்தியார்

ஒன்பதரைக்குப் படுத்தால் கெடாது.

காட்பாடி_மேம்பாலம்

அக்கா, முட்டி எல்லாம் தளரல. கம்பெனி பஸ்ஸில் ஏறின உடனே தூங்கிடுவேன், ஆனா பஸ்ஸில் எல்லாருமே தூங்கறாங்க. குழப்பம் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு இருக்கும். ஆன்லைனில் காலன்டமைன்னு மாத்திரை போட்டா இன்னும் தெளிவா வரும்னு போட்டிருக்காங்களே, அது எப்படி?

சத்துவாச்சாரி_நர்ஸ்

தொடவே தொடாதீங்க. அது அல்சைமர் நோயில் ஞாபக மறதிக்குக் கொடுக்கற மருந்து. இதயத் துடிப்பைக் குறைக்கும். டாக்டர் சீட்டு இல்லாம விளையாடற பொருள் இல்ல அது.

பாலாற்று_மணல்

இதில் நான் அக்கா பக்கம். மாத்திரை வேண்டாம். இன்னொண்ணையும் சொல்லிடறேன்: செக் பண்ணறதா இருந்தா, தப்பாப் போனாலும் ஒண்ணும் ஆகாத செக்கா இருக்கணும். மூக்கைப் பொத்தலாம். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி "பறக்க முடியுதா பார்ப்போம்"னு யாரும் கிளம்பக் கூடாது. பைக் ஓட்டும்போதும் வேண்டாம். ஓடற வண்டியில் சந்தேகம் வந்தா, இது நிஜம்னே வெச்சுக்கிட்டு ஓரம் கட்டுங்க.

ஆற்காடு_மனநூல்

இஸ்ரேலில் பென் குரியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிரிட் சோஃபர்-டூடெக்கும் உடன் ஆய்வாளர் ஒருவரும் 2018ல் வெளியிட்ட ஆய்வு நம் விவாதத்துக்கு மிக நெருக்கமானது. லூசிட் ட்ரீம் அடிக்கடி வருவது தீங்கு என்று அதில் தெரியவில்லை. ஆனால் அதை வலிந்து வரவழைக்கும் உத்திகளைக் கையாண்டவர்களிடம், தன்னிலிருந்து தானே விலகி நிற்பது போன்ற உணர்வு இரண்டு மாதத்தில் கூடியிருந்தது. பகல் முழுவதும் "இது நிஜமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் நிஜத்தின் மேலுள்ள பிடி தளராதா என்பதுதான் கேள்வி.

பாலாற்று_மணல்

கல்லூரி மாணவர்களுக்குக் கேள்வித்தாள் கொடுத்து எடுத்தது. ஏற்கனவே அப்படிப்பட்ட மனசு உள்ளவங்கதான் இதைத் தேடி வர்றாங்களோ என்னவோ? நான் வருஷக்கணக்காப் பண்றேன், ஒரு மெயிலும் தவறல.

ஆற்காடு_மனநூல்

தவறவில்லை என்பதும் உங்கள் நினைவைக் கேட்டு நீங்கள் சொல்வதுதானே? சண்டைக்குச் சொல்லவில்லை. அது காரணமா விளைவா என்று முழுசாகப் பிரிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். காட்பாடிக்காரருக்கு மட்டும் அதைப் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. அலாரம், நோட்டு, மூக்கு மூன்றையும் நிறுத்திவிட்டு ஒரு மாதம் பார்க்கட்டும். எழுதாவிட்டால் கனவு ஞாபகம் தானாகக் குறையும். அதோடு குழப்பமும் குறைந்தால் காரணம் பயிற்சி.

பாலாற்று_மணல்

மூணையும் ஒண்ணா நிறுத்தினா எது காரணம்னு எப்படித் தெரியும்? தூக்கம் சரியானதால் நின்னதா, நோட்டு நின்னதால் நின்னதா? அலாரத்தை மட்டும் முதலில் எடுங்க. நோட்டு இருக்கட்டும்.

சத்துவாச்சாரி_நர்ஸ்

இது அவர் தலை, உங்க ஆய்வுக்கூடம் இல்ல. வாரத்துக்கு ரெண்டு தடவை குழம்பறவர்கிட்ட ஒண்ணொண்ணா எடுத்துப் பாருங்கன்னு நான் சொல்ல மாட்டேன்.

தம்பி, எல்லாத்தையும் நிறுத்துங்க. பதினோரு மணிக்கு முன்னாடி படுங்க. ஒரு மாசம் கழிச்சும் குழப்பம் நிக்கலன்னா டாக்டரைப் பாருங்க. மனநல மையம் அங்கே இருக்குங்கறதுக்காக "பாகாயம் அனுப்பு"ன்னு கேலி பேசற கூட்டம் நம்ம ஊரில் உண்டு, அதைக் காதில் வாங்காதீங்க. தூக்கம் சம்பந்தமானதுன்னு சொல்லி நரம்பியல் பக்கமே முதலில் காட்டலாம். போகும்போது ரெண்டு வாரத்துக்கு எத்தனை மணிக்குப் படுத்தீங்க, எத்தனை மணிக்கு எழுந்தீங்க, பகலில் எப்போ கண் அசந்துச்சுன்னு எழுதி எடுத்துட்டுப் போங்க. குறட்டை விடறீங்களான்னு அம்மாகிட்டக் கேட்டு அதையும் எழுதுங்க.

காட்பாடி_மேம்பாலம்

அலாரத்தை எடுத்துட்டேன். நோட்டு விஷயத்தில் மணல் ப்ரோ சொல்றதும் நியாயமாப் படுது, யோசிக்கறேன். குறட்டை பத்தி அம்மாகிட்டக் கேட்டேன். பக்கத்துப் போர்ஷன்காரங்க ஏற்கனவே கம்ப்ளெயிண்ட் பண்ணியிருக்காங்களாம்.

சத்துவாச்சாரி_நர்ஸ்

அப்போ ஒரு மாசம் காத்திருக்க வேண்டாம். குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்னு நின்னு வருதான்னு இன்னைக்கு ராத்திரி அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்க.