பச்சை ஸ்மூத்தியா, கீரைக் கடைசலா?

பாலக்கோட்டுக்காரி: பெங்களூரில் இருக்கும் மகள் சொன்னாள் என்று மூன்று நாளாகக் காலையில் பச்சை ஸ்மூத்தி போடுகிறேன். ஒரு கைப்பிடி கீரை, பாதி வெள்ளரிக்காய், ஒரு வாழைப்பழம், ஒரு துண்டு இஞ்சி, எல்லாம் மிக்சியில். வீடியோவில் பசலை என்றார்கள், நானும் சந்தையில் பசலையே கேட்டு வாங்கினேன். டம்ளரைச் சாய்த்தால் விளக்கெண்ணெய் மாதிரி நூல் நூலாக இறங்குகிறது. மாமியார் எட்டிப் பார்த்து, "மாட்டுக்கு வைக்கவா?" என்கிறார். எங்கே தப்பு?

ஓசூர் மாடித்தோட்டம்: அக்கா, நீங்கள் வாங்கியது கொடிப்பசலை. வழவழப்பு அதன் குணம். வீடியோக்காரர்கள் சொல்வது பாலக்கீரையை. இரண்டையும் பசலை என்றே சொல்லிக் குழப்புகிறார்கள். பாலக் வாங்கி, முதலில் கீரையையும் அரை டம்ளர் தண்ணீரையும் மட்டும் நைசாக அடியுங்கள், அப்புறம் மற்றதைப் போடுங்கள். காம்பை முழுசாகப் போட்டால் நார் பிளேடைச் சுற்றிக்கொள்ளும். சூடாகாமல் இருக்க இரண்டு ஐஸ் கட்டி. வடிகட்டாதீர்கள், நார்ச்சத்துக்குத்தானே குடிக்கிறோம்.

களி உருண்டை: நம்ம ஊரில் களிக்கும் கீரைக் கடைசலுக்கும் என்ன பஞ்சம்? பாலக்கில் ஆக்சலேட் என்கிற உப்பு அதிகம். பச்சையாகத் தினமும் அடித்துக் குடித்தால் சிறுநீரகக் கல் வரும் உடம்புக்காரர்களுக்கு வினைதான். வேகவைத்தால் அதில் ஒரு பங்கு தண்ணீரில் இறங்கிவிடும். கல் வலியில் ஒரு ராத்திரி முழுக்கச் சுருண்டு கிடந்தவன் சொல்கிறேன்.

ஓசூர் மாடித்தோட்டம்: அண்ணா, உங்கள் வலி புரிகிறது. ஆனால் கீரை வெந்த தண்ணீரை எந்த வீட்டில் கொட்டுகிறார்கள்? அதோடு சேர்த்துத்தானே சட்டியில் கடைகிறோம்! இறங்கின ஆக்சலேட் திரும்ப உங்கள் வயிற்றுக்குத்தான் போகிறது. வைட்டமின் சி வேகும்போது போய்விடுவது தனிக் கணக்கு.

களி உருண்டை: சரி, அந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். ஆனால் கடைசலுக்கு எண்ணெய் விட்டுத் தாளிக்கிறோம். கீரையில் இருக்கும் பீட்டா கரோட்டின், அதாவது உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் சத்து, கொழுப்பு இருந்தால்தான் உடம்பில் ஒழுங்காகச் சேரும். உங்கள் டம்ளரில் கொழுப்பு எங்கே?

ஓசூர் மாடித்தோட்டம்: வறுத்த வேர்க்கடலை பத்து போட்டு அடித்தால் முடிந்தது.

களி உருண்டை: அப்புறம் தேன், பேரீச்சம்பழம், பால் என்று ஒவ்வொன்றாக இறங்கும். பச்சை நிறத்தில் பாயசம்.

அரூர் வாசி: சண்டைக்கு நடுவே இரண்டு விஷயம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை போடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று தினமும் கீரை குடிக்க ஆரம்பிக்கக் கூடாது. கீரையில் இருக்கும் வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். இன்னொன்று, எந்தத் தண்ணீரை ஊற்றி அடிக்கிறீர்கள்? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து நிலத்தடி நீரில் அளவுக்கு மீறி இருந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடால்தான். போர் தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் ஃபுளோரைடு போகாது, வற்ற வற்ற இன்னும் செறிவாகும். களி கிண்டும் தண்ணீருக்கும் இதே கதைதான் அண்ணா.

களி உருண்டை: இதற்கு எதிர்ப்பேச்சு இல்லை. எங்கள் வீட்டில் சமையலுக்கு இன்னும் போர் தண்ணீர்தான்.

பாலக்கோட்டுக்காரி: இன்று பாலக்கை ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டு எடுத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பச்சைத் தண்ணீரில் அலசி அடித்தேன். வாழைப்பழத்தைப் பாதியாக்கி ஒரு நெல்லிக்காய், கொஞ்சம் வேர்க்கடலை. நூல் இழுக்கவில்லை, நிறமும் மாறவில்லை. நெல்லிக்காய்தான் கொஞ்சம் தொண்டையைப் பிடித்தது. ஃபிரிட்ஜில் மிச்சம் இருந்த பசலையை மாமியார் துவரம்பருப்பு போட்டுக் கடைந்துவிட்டார். மத்தியானம் சட்டி காலி.

களி உருண்டை: யார் ஜெயித்தது என்று சட்டியைக் கேளுங்கள்.

ஓசூர் மாடித்தோட்டம்: டம்ளரும் காலிதானே அண்ணா?