துபாய் விசிட் விசா ரிஜெக்ட், டிக்கெட் போட்டாச்சு, அவசரம்

காவிரிக்கரை | செவ்வாய், இரவு 11.48

வணக்கம். துபாய் விசா ரிஜெக்ட் ஆகிவிட்டது என்று ஏஜென்ட் இப்போதுதான் போன் செய்தார். காரணம் கேட்டால் தெரியாது என்கிறார். டிக்கெட் போட்டாயிற்று, கேன்சல் செய்தால் பணம் வராது. அங்கே நண்பர்கள் மூன்று பேர் லீவு சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார்கள். உடனே மறுபடி அப்ளை செய்யலாமா? செய்தால் கிடைக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கராமா வாசி | செவ்வாய், இரவு 11.56

பதற வேண்டாம் சகோ. சில விவரம் வேண்டும். பயணம் என்றைக்கு? அப்ளை செய்தது ஊரில் இருக்கிற ஏஜென்டா, இங்கே இருக்கிற நண்பரா? தங்கப் போவது ஓட்டலிலா, நண்பர் அறையிலா? இதற்கு முன் அமீரகம் வந்திருக்கிறீர்களா? இன்னொன்று, ரிஜெக்ட் என்று ஏஜென்ட் வாயால் சொன்னாரா, அல்லது பேப்பர் குறைகிறது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்களா? இரண்டும் ஒன்றில்லை. திருப்பி அனுப்பியதென்றால் குறைந்ததைச் சேர்த்து அதே விண்ணப்பத்தை மறுபடி அனுப்பலாம்.

நெல்லைச் சீமை | புதன், 12.10

போட்டோவாகத்தான் இருக்கும். என் மைத்துனருக்கு இப்படித்தான் ஆனது. வீட்டுச் சுவர் முன்னால் நின்று போனில் எடுத்ததை ஏஜென்ட் அப்படியே ஏற்றிவிட்டார். ஸ்டுடியோவில் வெள்ளைப் பின்னணி வைத்து எடுத்து மறுபடி அனுப்பினோம், வந்துவிட்டது. முதலில் போட்டோவை மாற்றுங்கள்.

மூன்றாவது மாடி | புதன், 12.31

பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (குடியேற்றச் சோதனை தேவை) என்று இருக்கிறதா பாருங்கள். பத்தாவது பாஸ் செய்யாதவர்களுக்கு அது வரும்.

கராமா வாசி | புதன், 12.38

ஈசிஆர் என்பது வேலைக்குப் போகிறவர்களுக்காக நம் நாட்டு இமிக்ரேஷனில் பார்ப்பது. துபாயில் விசிட் விசா நிராகரிக்க அது காரணம் ஆகாது.

வளைகுடா மூத்தவன் | புதன், காலை 6.15

இப்படி அரைகுறையாகக் கேட்டால் கடவுளே வந்தாலும் பதில் சொல்ல முடியாது. விசா விஷயமாக நான் எத்தனையோ முறை இங்கே எழுதியிருக்கிறேன். தேடிப் படித்துவிட்டுக் கேட்கிற பழக்கம் யாரிடமும் இல்லை. போட்டோ, ஈசிஆர் என்று குருட்டாம்போக்கில் சொல்கிறவர்களும் கொஞ்சம் பொறுங்கள். நான் 1994-லிருந்து இந்த மண்ணில் இருக்கிறேன்.

தம்பி, பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைத் திற. சர்நேம் என்ற இடத்தில் என்ன இருக்கிறது? அதை மட்டும் எழுது. பாஸ்போர்ட் எண்ணை இங்கே போட்டுவிடாதே.

காவிரிக்கரை | புதன், மதியம் 1.20

மன்னிக்கவும், ஷிஃப்டில் இருந்தேன். அடுத்த வெள்ளி இரவு திருச்சியிலிருந்து கிளம்புகிறேன். 30 நாள் விசா, ஆனால் பத்து நாள்தான் இருப்பேன். ஊர் ஏஜென்ட்தான் அப்ளை செய்தார். தங்குவது நண்பன் அறையில்.

சர்நேம் காலி. என் பெயர் ஒரே சொல், கிவன் நேமில் இருக்கிறது. ஆனால் அது காரணமாக இருக்காது. 2014-ல் அஜ்மானில் எட்டு மாதம் வேலை பார்த்திருக்கிறேன், இதே பெயர்தான், அப்போது ஒரு பிரச்சனையும் இல்லை. நடுவில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தேன், பெயரை மாற்றவில்லை.

நாங்கள் நால்வரும் பாலிடெக்னிக்கில் ஒரே அறை. நான் மட்டும் ஊர் திரும்பிவிட்டேன். நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஜெபல் அலியில் இருப்பவனுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு, எனக்காகக் கெஞ்சி மூன்று நாள் வாங்கியிருக்கிறான். இன்னொருவனின் அம்மா ஒரு பை நிறையப் பொடி, மாத்திரை எல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். போக முடியாமல் போய்விடுமோ என்று தூக்கமே வரவில்லை.

மூன்றாவது மாடி | புதன், மதியம் 1.34

அஜ்மானில் வேலை பார்த்ததை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்! முறையாகக் கேன்சல் செய்துவிட்டு வந்தீர்களா, லீவில் வந்து திரும்பாமல் இருந்துவிட்டீர்களா? ஆறு மாதம் வெளியே இருந்தால் ரெசிடென்ஸ் விசா செல்லாமல் போய்விடும். ஆனால் கம்பெனி கேன்சல் செய்யாமல் விட்டிருந்தால் கணினியில் உங்கள் ஃபைல் திறந்தே கிடக்கும். வேலையை விட்டு ஓடிவிட்டார் என்று எழுதிக் கொடுத்திருந்தால் இன்னும் சிக்கல். எனக்கு இதுதான் காரணம் என்று படுகிறது.

வளைகுடா மூத்தவன் | புதன், மதியம் 2.02

நான் நினைத்தது சரி. ஒற்றைப் பெயர். 2022 நவம்பர் 21 முதல் சர்நேம், கிவன் நேம் இரண்டும் சேர்ந்து ஒரே சொல்லாக இருந்தால் அமீரகம் ஏற்பதில்லை. விசா முன்பே வந்திருந்தாலும் இறங்க விடமாட்டார்கள் என்று விமானக் கம்பெனிகளுக்கே சுற்றறிக்கை வந்தது. நீ வேலை பார்த்தது 2014. இந்த விதி வருவதற்கு எட்டு வருடம் முந்தைய கதையை வைத்து 'அது காரணமாக இருக்காது' என்று நீயே தீர்ப்பு எழுதாதே. பாஸ்போர்ட்டை மாற்றாமல் வேறு வழி இல்லை. ரீஇஷ்யூ போடு, சர்நேமில் அப்பா பெயரைச் சேர்.

டிக்கெட் மேசை | புதன், மதியம் 2.40

ஐயா சொன்னதில் பாதி சரி. முதல் சுற்றறிக்கை அப்படித்தான் இருந்தது. ஓரிரு நாளில் திருத்தம் வந்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். நம் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பக்கத்தில், விலாசத்தோடு இருக்கும். ரெசிடென்ஸ் உள்ளவர்களுக்கு இந்த விதி கிடையாது.

நான் டிராவல்ஸில் டிக்கெட் போடுகிறவன், தினமும் இப்படிப் பெயர்களைப் பார்க்கிறேன். செய்ய வேண்டியது இதுதான். கடைசிப் பக்கத்தையும் தெளிவாக ஸ்கேன் செய்து முதல் பக்கத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும். விண்ணப்பத்தில் உங்கள் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரையும் போடச் சொல்லுங்கள். உங்கள் ஏஜென்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கடைசிப் பக்கத்தை ஏற்றினீர்களா? பத்தில் ஏழெட்டுப் பேர் விஷயத்தில் கோளாறு அங்கேதான் இருந்தது.

இந்த நேரத்தில் ரீஇஷ்யூ போட்டால் புது பாஸ்போர்ட், புது எண். விசாவும் டிக்கெட்டும் மறுபடி முதலிலிருந்து. சாதாரணமாக 1,500 ரூபாய், தட்கல் என்றால் இன்னும் 2,000. ஊருக்குத் திரும்பி வந்து நிதானமாகச் செய்யுங்கள், செய்வது நல்லதுதான்.

டிக்கெட்டில் பெயர் எப்படிப் போட்டார்கள்? ஒரே பெயரை இரண்டு இடத்திலும் திருப்பிப் போட்டார்களா?

கராமா வாசி | புதன், மாலை 5.15

பெயரைச் சரி செய்தாலும் தங்குமிடத்தை விட்டுவிடாதீர்கள். 2024 கடைசியிலிருந்து துபாய் விசிட் விசாவுக்கு ரிட்டர்ன் டிக்கெட்டும் தங்கும் இடத்துக்குச் சான்றும் கேட்கிறார்கள். ஓட்டல் என்றால் முன்பதிவு. நண்பர் வீடு என்றால் அவருடைய வாடகை ஒப்பந்தம், எமிரேட்ஸ் ஐடி, ரெசிடென்ஸ் விசா நகல். உங்கள் நண்பர் பெட் ஸ்பேஸில் இருக்கிறாரா? அப்படியென்றால் ஈஜாரி (அரசில் பதிவு செய்த வாடகை ஒப்பந்தம்) அவர் பெயரில் இருக்காது, அறையை எடுத்தவர் பெயரில் இருக்கும். ஒரு கட்டிலை வாடகைக்கு எடுத்து இருப்பவர் எந்த ஒப்பந்தத்தை அனுப்புவார்? இங்கே நம்மவர்களில் பாதிப் பேர் நிலை இதுதான். கையில் பேப்பர் இல்லையென்றால் முதல் சில நாளுக்காவது சாதாரண ஓட்டல் ஒன்றைப் பதிவு செய்து காட்டுவது நல்லது.

நெல்லைச் சீமை | புதன், மாலை 5.40

நண்பரை அழைக்க மாதச் சம்பளம் 15,000 திர்ஹம் இருக்க வேண்டும் என்று 2025-ல் அறிவித்தார்களே. அதனாலும் இருக்கலாம்.

கராமா வாசி | புதன், மாலை 5.52

அது நண்பர் தன் பொறுப்பில் விசா எடுத்தால். பெற்றோர், பிள்ளைகள் என்றால் 4,000. இவருக்கு ஏஜென்ட் மூலம் டூரிஸ்ட் விசா, அந்தக் கணக்கு இதில் வராது.

வளைகுடா மூத்தவன் | புதன், மாலை 6.30

திருத்தம் வந்தது எனக்கும் தெரியும். ஆனால் அதை நம்பி விமான நிலையம் வரை போய்த் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். பாஸ்போர்ட் எடுக்கும்போதே அப்பா பெயரைச் சர்நேமில் போட்டிருந்தால் இந்த அலைச்சல் எதற்கு? அடிப்படை விஷயம் இது. பெரும்பாலான நாடுகளில் சர்நேம் இருக்கிறது, நம்மவர்கள் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்து அழுகிறார்கள்.

பொன்னி | புதன், இரவு 8.05

ஐயா, உங்கள் அனுபவத்தின் மேல் மரியாதை உண்டு. ஆனால் அது அவ்வளவு எளிதில்லை. எனக்குச் சர்நேமில் அப்பா பெயர். கணவருக்கு அவர் அப்பா பெயர். மகனுக்கு என் கணவர் பெயர். ஒரு வீட்டில் மூன்று பேர், மூன்று சர்நேம். ஷார்ஜாவில் இறங்கியபோது நாங்கள் ஒரே குடும்பம் என்று கவுண்டரில் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. சர்நேம் என்பது குடும்பத்துக்குப் பொதுவான பெயர். நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. நம்மிடம் இருப்பது தலைப்பெழுத்து. அதை ஒரு குறையாகப் பேசாதீர்கள்.

அல் நஹ்தா | புதன், இரவு 8.22

தலைப்பெழுத்தையே பாஸ்போர்ட்டில் ஏற்க மாட்டார்கள், விரித்துத்தான் எழுத வேண்டும். எனக்கு விரித்து எழுதினார்கள். ஆபீஸில் எல்லோருக்கும் நான் இப்போது என் அப்பா. மெயிலில் அவர் பெயர், அட்டையில் அவர் பெயர், மேனேஜர் கூப்பிடுவதும் அவர் பெயரைச் சொல்லித்தான். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. முதல் நாள் யாரோ அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டபோது அவரைத் தேடித் திரும்பினேன். பிறகு நானே கை தூக்கினேன். திருத்தச் சொல்ல மனம் வரவில்லை.

வளைகுடா மூத்தவன் | புதன், இரவு 8.50

உணர்ச்சி வேறு, கவுண்டர் வேறு. அங்கே இருக்கிறவன் தலைப்பெழுத்தின் பெருமையைக் கேட்க உட்காரவில்லை.

பொன்னி | புதன், இரவு 8.58

பெருமை பேசவில்லை ஐயா. காலியாக விட்டவர்கள் தெரியாமல் விடவில்லை, அவர்களுக்கு எழுத அங்கே ஒரு பெயர் இல்லை என்கிறேன்.

இழைக் காவலர் | புதன், இரவு 9.10

பெயர் முறை பற்றித் தனி இழை தொடங்கிப் பேசுங்கள். இங்கே காவிரிக்கரைக்கு உதவுவோம்.

ரோலா பூங்கா | புதன், இரவு 9.45

எல்லோரும் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள். அந்தப் பை! சகோ, பொடியில் கசகசா இருக்கிறதா என்று அந்த அம்மாவிடம் கேளுங்கள். குருமாப் பொடி, மசாலாப் பொடியில் வறுத்து அரைத்திருப்பார்கள். அமீரகத்தில் கசகசா போதைப்பொருள் கணக்கில் வரும். வெற்றிலைக்கும் தடை உண்டு. மாத்திரை என்னென்ன? கோடீன் கலந்த இருமல் மருந்து, ட்ரமடால் மாதிரி வலி மாத்திரை இருந்தால் அமீரக அரசிடம் முன்பே அனுமதி வாங்க வேண்டும், டாக்டர் சீட்டும் இருக்க வேண்டும். அதுவும் அடுத்தவர் மருந்தை உங்கள் பையில் கொண்டு வராதீர்கள்.

மூன்றாவது மாடி | புதன், இரவு 10.02

என் அம்மா பத்து வருடமாகக் கறிப்பொடி கொண்டு வருகிறார். ஒன்றும் ஆனதில்லை.

ரோலா பூங்கா | புதன், இரவு 10.09

பிடிபடாமல் வந்திருக்கிறார். அனுமதி இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஒரு கரண்டிப் பொடிக்காக ஒருவர் காவலில் உட்கார வேண்டுமா? கட்டிக் கொடுத்த பையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்காமல் எடுத்து வரக் கூடாது, கொடுத்தது பெற்ற தாயாகவே இருந்தாலும்.

டிக்கெட் மேசை | வியாழன், காலை 10.30

காவிரிக்கரை, ஏஜென்டிடம் கேட்டீர்களா?

மூன்றாவது மாடி | வெள்ளி, மாலை 4.00

அஜ்மான் கேன்சல் விஷயமும் இன்னும் சொல்லவில்லை.

டிக்கெட் மேசை | சனி, காலை 9.12

என்ன ஆயிற்று சகோ? நாள் நெருங்குகிறது.

காவிரிக்கரை | திங்கள், இரவு 10.55

விசா வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தை ஏற்றவே இல்லையாம். அப்பா பெயர் சேர்த்து, நண்பனின் அறையை எடுத்திருப்பவரிடம் ஒப்பந்த நகல் வாங்கி அனுப்பினோம். அஜ்மான் விசா அப்போதே கேன்சல் ஆகியிருந்தது, பேப்பர் கையில் இருக்கிறது. பொடியில் கசகசா இருந்தது, அம்மா கசகசா போடாமல் வேறு அரைத்துக் கொண்டிருக்கிறார்கள். மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

டிக்கெட் மேசை | திங்கள், இரவு 11.03

மகிழ்ச்சி. விசாவில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ டிக்கெட்டிலும் அப்படியே இருக்க வேண்டும். இல்லையென்றால் நாளைக் காலையிலேயே திருத்தச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தையும் நகல் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திருத்திவிட்டு ஒரு வரி எழுதுங்கள்.

கராமா வாசி | திங்கள், இரவு 11.10

நல்லபடியாகப் போய் வாருங்கள். விசா முடிந்த பிறகு ஒரு நாள் கூடுதலாக இருந்தாலும் நாளுக்கு 50 திர்ஹம் அபராதம். பத்து நாள்தான் என்றாலும் கடைசித் தேதியைக் குறித்து வையுங்கள்.

வேப்பமர வீடு | ஞாயிறு, காலை 7.26

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். என் மனைவிக்கும் ஒற்றைப் பெயர். கடைசிப் பக்கத்தில் கணவர் பெயராக என் பெயர் இருக்கிறது, அப்பா பெயர் இடம் காலி. அவளுடைய தோழி அபுதாபியில் இருக்கிறாள், பார்க்கப் போக வேண்டும். கணவர் பெயரை ஏற்பார்களா? டிக்கெட் இன்னும் போடவில்லை.