ஆச்சி குடும்பம் குரூப்: ஞாயித்துக்கிழமை வளைகாப்பு

முருகேசன்: அம்மா ஞாயித்துக்கிழமை வருதாளா இல்லையா? மண்டபத்துல ரூம் சொல்லணும்

கோமதி: தெரியல தம்பி. ரெண்டு நாளா அத்தை ரொம்பத் தடுமாறுதாவ. பொழுது சாஞ்சா பையத் தூக்கிட்டு "வீட்டுக்குப் போணும்"ங்காவ

முருகேசன்: இதுதான் வீடுன்னு சொல்லுங்க மதினி

செல்வி: அப்படிச் சொல்லாத தம்பி. அவ கேக்கது அம்பாசமுத்திரம் வீட்ட. வாதாடுனா கோவம்தான் கூடும். "அங்க முருங்க மரம் நின்னுச்சுல்லா"ன்னு பேச்சுக் குடுத்துட்டே தெருவுல ஒரு சுத்து கூட்டிட்டு வாங்க. அஞ்சு மணிக்கே எல்லா லைட்டும் போட்ருங்க. இருட்டுல நெழலப் பாத்தும் பயப்படுவா

முருகேசன்: அந்த வீட்ட விக்க வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன்

கோமதி: அத இப்ப எடுக்காதீங்க

செல்வி: மதினி, மறதி நோய் ரெண்டே நாள்ல இப்படி முத்தாது. யூரின் இன்ஃபெக்‌ஷனா இருக்கலாம். வயசானவங்களுக்குக் காய்ச்சல், எரிச்சல் இல்லாம வெறும் குழப்பமாவும் வரும். நாளைக்கே யூரின் ரொட்டீன், கல்ச்சர் ரெண்டு டெஸ்ட்டுக்கும் குடுங்க. மலச்சிக்கல் இருக்கா? தும்மலுக்கு அவில் மாத்திர குடுத்தீங்களா?

கோமதி: ஆமா, ரெண்டு ராத்திரி

செல்வி: இனி குடுக்காதீங்க, டாக்டர்ட்டயும் சொல்லிருங்க. மூளையில ஞாபகத்துக்கு வேண்டிய அசிட்டைல்கோலின்ங்க ரசாயனம் குறையாம இருக்கத்தான் டோனபெசில் மாத்திர குடுக்காங்க. அவில் அந்த ரசாயனத்த வேல செய்யவிடாமத் தடுக்கும்

பிரியா: ஆச்சி வராம நான் வளையல் போட மாட்டேன்

செல்வி: வரட்டும்மா. பத்து மணிக்கு வந்து பதினொன்றைக்குக் கிளம்பிரணும். மேளத்துக்குப் பக்கத்துல உக்கார வைக்காதீங்க. "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்"னு ஒருத்தரும் கேக்கக் கூடாது. முன்னால போய் உக்காந்து, "ஆச்சி, நான் கார்த்தி, கோமதி மகன்"னு நீங்களே சொல்லிருங்க. கேட்டது அவளுக்கு மறந்துரும், பதில் தெரியாம முழிச்ச சங்கடம் ராத்திரி வரைக்கும் நிக்கும்

முருகேசன்: அண்ணனத் தெரியுது. என்னய மட்டும் தெரியல

செல்வி: புதுசா நடந்ததுதான் மொதல்ல மறக்கும், பழசு நிக்கும். அவ மனசுல நீ இன்னும் பள்ளிக்கூடத்துப் பய. நரச்ச மீசையோட வந்து நின்னா எப்படித் தெரியும்? அண்ணன தெனமும் பாக்கா. குரலக் குடு, கையப் பிடி

கார்த்தி: சாப்பாடு பந்தியிலயா அத்தை?

செல்வி: ரூம்ல. இலைதான் நல்லது, பச்சையில வெள்ளச் சோறு தெரியும். வீட்ல வெள்ளத் தட்டுல இட்லி வச்சா பாதிய விட்டுருவா, கண்ணுக்குத் தெரியாது. எல்லாத்தையும் சேத்து வைக்காம ஒண்ணு ஒண்ணா வைங்க

பிரியா: பாயசம் உண்டுல்லா?

முருகேசன்: சமையக்காரர் கேரட் அல்வாங்கான். அப்ப ரூம் சொல்லிரவா? பதினொன்றைக்கு யாரு கூட்டிட்டுப் போவா?

கார்த்தி: கார் நான் எடுக்கேன். கூட ஒரு ஆள் வேணும்

கோமதி: டெஸ்ட் வரட்டும் தம்பி. சனிக்கிழம சொல்லுதேன்